மாமாக் கடையில் அணியிலக்கணம்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் உவமை ஒன்றுக்கு ஓர் இயல் வகுத்ததோடு நிறுத்திக்கொண்டார். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக்கியது. மாறனலங்காரம் 64க்குக் கொண்டுபோனது. தே தாரே விலையே இந்த வேகத்தில் ஏறியதில்லை. இத்தனை அணிகளுக்கு இலக்கணம் சொன்னவர்களில் ஒருவரும் சுபாங் ஜெயா பக்கம் வராதது பெருங்குறை; அக்குறை நீக்கவே இவ்வாய்வு. களம்: எஸ்.எஸ். 15, எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மாமாக் கடை. உடன் வந்தோர்: அறிஞர் மூவர். சான்று: ஆர்டர்.

உவமை. ரொட்டி தீசு. உருபு தொக்கது.

விலக்கு. தே ஓ கொசோங்: பாலை விலக்கி, சீனியை விலக்கி, பில்லை மட்டும் விலக்காதது.

சங்கீரணம். பல அணிகள் விரவி வருவது. நெஸ்லோ.

நிரல்நிறை. நாம் சொன்ன வரிசையிலேயே பணியாளர் ஒப்பிப்பது முறை நிரல்நிறை. உங்கள் மைலோ ஐஸ் எனக்கும் என் கோப்பி ஓ உங்களுக்கும் வருவது எதிர்நிரல்நிறை. கூட்ட நேரத்தில் பின்னதே பெருவழக்கு.

இனி உயர்வு நவிற்சி. பிய்த்துப் போட்ட ரொட்டி சானாய் மூழ்கும்படி குழம்பு ஊற்றி அதை 'ரொட்டி பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்பது. அற்றேல், 2021 டிசம்பரில் ஷா ஆலமில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தைக் கண்டார், ஒரு தட்டுக் குழம்பை வெள்ளம் என்பரோ எனின், அறியாது கடாயினாய். அவ்வாறு என்னாராகலின் அன்றே இஃது உயர்வு நவிற்சி ஆயிற்று என்பது.

வெள்ளத்தை உண்டாக்குபவர் யார் என்பதில்தான் சிக்கல். கடைக்காரர் ஊற்றிக் கொண்டுவந்தால் மட்டுமே பஞ்சிர் என்பது முதற்கொள்கை (மேசை 7, ரசீதின் பின்புறம், வரி 3). குழம்பை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டாலும் பஞ்சிரே, முன்னது பிறவினைப் பஞ்சிர், பின்னது தன்வினைப் பஞ்சிர் என்பது இரண்டாவது (மேற்படி ரசீது, வரி 4 முதல் 6 வரை, வரி 5 பருப்பில் மறைந்தது). குழம்பு வாளியையே மேசையில் வைத்துவிட்டுப் போனால் வினையே நிகழவில்லை, ஆகவே அது அணியும் அன்று என்பது மூன்றாவது (மேசை 11, திசுத்தாள் சுவடி, இரண்டாம் மடிப்பு, சம்பல் கறைக்கு இடப்புறம், 'வாளி' என்னுமிடத்து 'வாழி' எனப் பாடங்கொண்டு இதனை வாழ்த்தணி என்பாரும் உளர்). இந்தப் பாடபேதம் ஒன்றை வைத்தே ஒருவர் முனைவராகிவிடலாம். ஆயினும் மூன்றாம் கொள்கைக்கே செல்வாக்கு அதிகம். அதைச் சொன்னவர் மாநாட்டில் யாருக்குப் பொன்னாடை என்று முடிவுசெய்யும் குழுவில் இருக்கிறார்.

விவாதம் முடிவதற்குள் ரொட்டி ஊறிக் களியாகிவிட்டது. ஒருவரும் ஒரு வாய்கூட வைக்கவில்லை. இலக்கிய வகுப்பில் செய்யுளின் கதியும் இதுதான்: அணியின் பெயர் தெரிந்தால் புள்ளி உண்டு, பாட்டு பிடித்ததா என்று கேட்பாரில்லை.

பரிவருத்தனை. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவது. நாம் பணியாளரை 'பாஸ்' என்கிறோம். அவரும் நம்மை 'பாஸ்' என்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உண்மையான முதலாளி மட்டும் எல்லோருக்கும் 'அண்ணே'.

நுட்பம். வாய் திறவாமல் செய்கையால் உணர்த்துவது. மேசைக்கு மேலே விரலை ஒரு வட்டம் சுழற்றினால் 'கிரா' என்று பொருள். பணியாளர் வந்தார். தட்டுகளையும் கிளாசுகளையும் ஒரு பார்வை பார்த்தார். "பாஸ், ஒண்ணாவா, தனித்தனியாவா?" என்றார். தொகைநிலைத் தொடர் பற்றி ஆளுக்கொரு நூல் எழுதிய அறிஞர் மூவரும் ஒரே குரலில் தொகாநிலைக்கு மாறினர்.