வயிற்றால் ஆடுவதும் வயிற்றுக்காக ஆடுவதும்

ஆடற்கலைகளுள் உடலுறுப்பு ஒன்றின் பெயரைச் சுமந்து திரியும் ஊழ் பெல்லி டான்ஸுக்கு வாய்த்திருக்கிறது. பரதம் ஆடுபவர் காலால்தான் தட்டுகிறார் என்றாலும் அதைக் கால் நடனம் என்று எவரும் சொல்வதில்லை. கதகளியில் பாதி வேலை கண்ணுக்கு என்றாலும் அதற்குக் கண் நடனம் என்று பெயரில்லை. இந்த ஆட்டத்துக்கு மட்டும் வயிறு பெயராக ஒட்டிக்கொண்டது. அதைத் தமிழாக்க முனைவோர் படும் பாடு தனி: 'வயிற்று நடனம்' என்றால் வயிற்றுப்போக்குக்கு ஒன்றுவிட்ட உறவு போலவும், 'தொப்பை நடனம்' என்றால் ஓய்வூதியர் சங்க ஆண்டுவிழா போலவும், 'தொப்புள் நடனம்' என்றால் தணிக்கைக் குழு உடனே கவனிக்க வேண்டியது போலவும் ஒலிக்கிறது. இடை, நடு, மருங்குல், நுசுப்பு என்று இடுப்புக்கு அடுக்கடுக்காகச் சொல் வைத்திருக்கும் ஒரு மொழி, அவ்விடுப்பு சற்றே அசைந்ததும் ஆங்கிலத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது ஆராயத்தக்கது.

பிறந்த வீட்டில் அதன் பெயர் வேறு. எகிப்தில் மேடை ஆட்டத்தை 'ரக்ஸ் ஷர்க்கி' என்பர். கீழைத்திசை ஆட்டம் என்பது அதன் பொருள். தெருவிலும் திருமண வீட்டிலும் ஆடப்படும் வடிவம் 'பலதி' எனப்படும். அதற்கு 'நாட்டு' என்று பொருள். நாட்டுக்கோழி என்னும்போது தமிழர் அச்சொல்லில் ஏற்றும் பெருமிதமும், நாட்டுப்புறத்தான் என்னும்போது ஏற்றும் இளக்காரமும் பலதி என்ற அந்த ஒரே சொல்லில் கூடிக் குடியிருக்கின்றன. 'பெல்லி டான்ஸ்' என்பதோ, அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் வைத்த பெயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஆடியவரைக் கேட்டு வைத்த பெயரன்று, பார்த்தவரின் பார்வை நிலைகொண்ட இடத்தை வைத்து இட்ட பெயர்.

இவ்வாட்டத்தைத் தடுக்க முயன்றோரின் வரலாறு, ஆட்டத்தின் வரலாற்றைவிடச் சுவையானது. 1834இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து நாட்டின் தென்பகுதிக்கு அப்புறப்படுத்தினார். இதன் விளைவாக ஆட்டம் நின்றுவிடவில்லை. பார்க்கப் போவோரின் வழிச்செலவு மட்டும் கூடியது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1850இல் நைல் நதியில் படகேறி எஸ்னா என்னும் ஊர்வரை சென்று அந்த ஆட்டத்தைக் கண்டு குறிப்பெழுதினார். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு உள்ளூரில் அனுமதி மறுக்கப்பட்டால் பக்கத்து ஊருக்கு இருசக்கர வாகனத்தில் மூவராகச் செல்லும் வேலூர் மாவட்ட இளைஞர், தாம் ஓர் இலக்கிய மரபைப் பின்பற்றுகிறோம் என்பதை அறியமாட்டார்.

அடுத்த முக்கியமான ஆண்டு 1893. சிகாகோ, 1893 என்றதும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை எழுந்து நின்று விவேகானந்தர் என்று விடை சொல்லும். சென்னை இளைஞர்கள் வீடுவீடாகப் பணம் திரட்டி அவரை அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். சர்வசமயப் பேரவை கூடிய அதே உலகக் கண்காட்சியின் மற்றொரு பகுதியில் 'கெய்ரோ தெரு' என்ற பெயரில் ஓர் எகிப்தியத் தெருவையே கட்டி எழுப்பி, அங்கே இவ்வாட்டத்தை நடத்தியபோது அமெரிக்கர் கூட்டங்கூட்டமாகச் சென்று முதலில் திகைத்தனர், பிறகு கண்டித்தனர், பிறகு மறுபடியும் சீட்டு வாங்கினர். இந்த இரண்டாம் செய்தி பாடநூலில் இடம்பெறவில்லை. அதே 1893இல் சென்னையில் இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், பரதத்தின் முன்னைய வடிவமான சதிர்க் கச்சேரிகளுக்கு அவர்கள் செல்லக் கூடாது என்று வைசிராய்க்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பினர். தாம் கண்ட நிகழ்ச்சிகளில் தகாதது ஏதும் இல்லை என்று துரைமார் மறுமொழி விடுத்தனர். தமிழகம் தன் ஆட்டத்தைக் கண்டு கூசிய ஆண்டிலேயே அமெரிக்கா அடுத்தவர் ஆட்டத்தைக் கண்டு கூசிற்று. கூச்சம் எல்லா நாட்டுக்கும் பொது. காசு கொடுத்துக் கூசுவதா, இனாமாகக் கூசுவதா என்பதில்தான் வேறுபாடு.

இனி இலக்கணம். இவ்வாட்டத்தின் அடிப்படை 'தனித்தியங்கல்' ஆகும். அதாவது உடலின் ஒரு பகுதி அசையும்போது ஏனைய பகுதிகள் அதற்கும் தமக்கும் தொடர்பே இல்லாததுபோல் நிற்றல். இடுப்பு எட்டு என்னும் எண்ணை எழுதிக்கொண்டிருக்க, தோளும் முகமும் வங்கி வரிசையில் நிற்பவருடையவைபோல் அமைதியாக இருக்க வேண்டும். 'ஷிம்மி' என்பது இடைவிடா நடுக்கம். பார்ப்பவர் அதை இடுப்பின் வேலை என்று கருதினாலும், உண்மையில் இளக்கி மடித்த முழங்கால்கள் மாறிமாறி அசைவதாலேயே அது பிறக்கிறது. விரல்களில் மாட்டிய சிறு தாளங்களை அதே வேளையில் தட்டுவதும், வயிற்றுத் தசைகளை மேலிருந்து கீழாக அலைபோல் உருட்டுவதும் உயர்நிலைப் பாடங்கள். இக்கட்டுரையாளரின் வயிறு எந்த ஆசிரியரிடமும் பயிலாமல், மாடிப்படி இறங்கும்போது உடல் நின்ற பின்னும் தான் மட்டும் சற்று நேரம் இயங்குவதுண்டு. எனினும் தசையின் கட்டளைப்படி நிகழ்வதே கலை, புவியீர்ப்பின் கட்டளைப்படி நிகழ்வது ஆம்பூர் பிரியாணி என்று வல்லுநர் வேறுபடுத்துவர்.

இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தை நோக்கினால், அடிப்படைப் பாடங்கள் அங்கே ஏற்கெனவே நடந்துவருவது விளங்கும். தெருக்குழாயடியில் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் பெண், இடுப்பெலும்பை ஒருபுறம் வெளியே தள்ளி, முதுகை மறுபுறம் சாய்த்து, ஒரு கையால் குடத்தின் கழுத்தை வளைத்து, மறுகையால் பிள்ளையை இழுத்து, தலையை மட்டும் திருப்பி வரிசையில் முந்தியவளிடம் நியாயம் கேட்கிறாள். குடத்து நீர் தளும்புவதில்லை. தனித்தியங்கலுக்கு இதைவிடச் சிறந்த செயல்விளக்கம் கெய்ரோவிலும் கிடைக்காது. ஒடுகத்தூரிலிருந்து வரும் காலை நேரப் பேருந்தில், மேற்கம்பியை ஒரு கையாலும் சாப்பாட்டுப் பையை மறுகையாலும் பற்றி, வளைவுதோறும் முழங்காலை இளக்கி நிற்பது இரண்டாம் பாடம். ஷூ கம்பெனியில் நாள் முழுதும் தையல் எந்திரத்தின் முன் குனிந்து ஷூவின் மேற்பகுதியான 'அப்பர்' தைத்துவிட்டு, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு, இடுப்பை வட்டமாகச் சுழற்றும் பயிற்சியால் கிடைக்கும் நன்மையை எடுத்துரைக்க எகிப்தியலார் எவரும் தேவையில்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் ஒருவர் பெல்லி டான்ஸ் வகுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டினால் என்ன நிகழும் என்பதை ஓரளவு துணிந்து கூறலாம். முதல் வாரத்தில் பலகையைப் படிக்க வருவோர் மிகுதியாகவும் பயில வருவோர் இல்லாமலும் இருப்பர். பலகையில் 'மகளிர்க்கு மட்டும், தொப்பை குறையும்' என்னும் இரு தொடர்களைச் சேர்த்த பின்னர் நிலைமை மாறும். சீருடை, நைட்டியும் அதன்மேல் துண்டும்; அத்துண்டின்மேல் காசுகள் தொங்கும் இடுப்புத்துணி. மொட்டை மாடியில் பன்னிருவர் ஒருசேர ஷிம்மி பழகும் ஓசை கேட்டுக் குல்ஃபி வண்டி வந்துவிட்டதென்று தெருப் பிள்ளைகள் காசுடன் ஓடிவருவர். மகிழ்ச்சி மிகுந்த தருணத்தில் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலியை அரபு நாட்டார் 'ஸகரீத்' என்பதாக ஆசிரியை விளக்கத் தொடங்குமுன், பின்வரிசைப் பாட்டி குலவையிட்டுக் காட்டி, இதற்கும் கட்டணமா என்று வினவுவார்.

பாட்டியின் வினாவில் இக்கட்டுரையின் மையம் அடங்கியிருக்கிறது. எகிப்தியத் திருமண ஊர்வலத்தில், எரியும் மெழுகுத்திரிகள் செருகிய கிளைவிளக்கைத் தலையில் ஏந்தி ஆடும் மரபு உண்டு. 'ஷமதான்' எனப்படும் அவ்விளக்கைக் கண்டு உலகப் பயிலரங்குகள் வியக்கின்றன. தமிழகத்தில் அதன் உடன்பிறப்பு கரகம். தெய்வ வழிபாட்டில் எடுப்பது சக்தி கரகம். கலையாக ஆடுவது ஆட்டக்கரகம். ஆட்டக்கரகத்தில் செம்பினுள் அரிசியோ மணலோ நிரப்பி எடையேற்றி, மேலே பூ வேலைப்பாடும் உச்சியில் சுழலும் கிளியும் பொருத்தி, கை படாமல் தலையில் நிறுத்தி, நையாண்டி மேளத்துக்கு ஆடுவர். வேலூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் நாளன்று பம்பை முழங்கப் பூங்கரகம் தெருவில் வரும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு உலா வரும். அவ்விழாவுக்கு அடிப்படையான ரேணுகை கதையும் ஒரு குடத்தின் கதையே. ஆற்று மணலால் அன்றாடம் குடம் வனைந்து நீர் எடுத்தவள், ஒரு கணம் மனம் அசைந்ததால் குடம் உடைந்து, கணவன் ஆணையால் தலையை இழந்தாள். குடம் சுமக்கும் பெண்ணின் அசைவை ஊர் எவ்வளவு கூர்ந்து நோக்கும் என்பதற்கு இவ்வட்டாரம் ஆண்டுதோறும் விழா எடுத்து நினைவூட்டிக்கொள்கிறது.

அந்நோக்கு இன்றும் தளரவில்லை. திருவிழாவில் ஆடல் பாடல் நடத்தக் காவல்துறையின் அனுமதி வேண்டும். கிடைக்காதோர் நீதிமன்றம் செல்வர். ஆபாசம் கூடாது, இரட்டைப் பொருள் பாட்டு கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் உத்தரவு வரும். நிபந்தனைகளுள் குறைசொல்ல ஏதுமில்லை. எனினும், பண்பாடு கெட்டுவிட்டது என்று முன்வரிசையில் நாற்காலி போட்டு வருந்தும் பெரியவர்கள், கெட்டது முழுமையாகக் கெட்டு முடியும்வரை எழுந்து போவதில்லை என்பதையும், அவர்களே பெருநகரில் பெயர்த்தி சேர்ந்திருக்கும் பெல்லி டான்ஸ் வகுப்பை 'ஃபிட்னெஸ்' என்று உறவினரிடம் அறிமுகப்படுத்துவதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோல் தொழிலை அறிந்த வட்டாரத்துக்கு இம்முரண் புதிதன்று. ஆட்டுத்தோல் ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகிக் கப்பலேறினால் அது அந்நியச் செலாவணி; அதன் பங்காளியான தோல் பறையிலோ பம்பையிலோ இழுத்துக் கட்டப்பட்டால், அடிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. எகிப்திய ஆட்டத்துக்கு அடிக்கும் தர்புக்கா என்னும் மேளத்துக்கும் மரபுப்படி ஆட்டுத்தோலோ மீன்தோலோதான்; அது வெளிநாட்டிலிருந்து வந்திறங்கினால் இசைக்கருவி. அணைக்கட்டு என்னும் ஊரின் பெயருக்கே இம்முரண் நேர்ந்திருக்கிறது. ஆற்றின் குறுக்கே கட்டும் அணையைக் குறிக்கும் 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர் கடன் வாங்கி 'அனிகட்' ஆக்கித் தம் அகராதியில் சேர்த்தனர்; சொல் அங்கே பொறியியல் கலைச்சொல்லாகப் பதவி உயர்வு பெற்றது.

வயிற்றால் ஆடுவதற்குக் கட்டணம் கட்டுவோர் ஒருபுறம் பெருகட்டும், உடலுக்கு நல்லது. வயிற்றுக்காக ஆடுபவரின் கணக்கு வேறு. சித்திரை முதல் ஆடிவரை கிடைக்கும் திருவிழாக்களைக் கொண்டு எஞ்சிய மாதங்களை ஓட்ட வேண்டிய கரகாட்டக்காரர், சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, செம்பைத் தூக்கித் தலையில் நிறுத்தி, கையை எடுக்கிறார். தலைமேல் இருப்பது அரிசி, ஆடுவதும் அரிசிக்காகத்தான். இடையில் உள்ள உடல் முழுவதும், அந்த அரிசி கீழே சிந்தாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது.