திறவாச் சன்னல் இயல்

சிறு பாய்மரப் படகின் அறைச் சன்னல்கள் இருவகைப்படும்: திறப்பன, திறவாதன. திறப்பன ஒழுகினால் யாரும் வியப்பதில்லை. யாரோ சரியாகச் சாத்தவில்லை என்று வழக்கு முடிந்துவிடும். திறவாதனவோ பிறந்த நாள்முதல் சாத்தியே கிடப்பன. வெளிச்சத்தை விடு, தண்ணீரை விடாதே என்பதற்கு மேல் அவற்றுக்கு வேலை விதிக்கப்படவில்லை. வயதானதும் இவ்விரண்டையும் இடம்மாற்றிச் செய்யத் தொடங்குகின்றன. ஆகவே ஈண்டு ஆராயப்படுவன திறவாதனவே.

இதெல்லாம் ஓர் ஆய்வுப்பொருளா என்பார்க்கு ஒன்று சொல்லலாம். 24 மீட்டர் வரையிலான கலங்களின் சன்னல்களுக்கென்றே ஐஎஸ்ஓ 12216 என்றொரு சர்வதேசத் தரவிதி இருக்கிறது. எள்ளுவோர் அதைப் படித்துவிட்டு வந்து எள்ளுக.

சான்றுக்கு எடுத்துக்கொண்டது வெஸ்டர்லி சென்டார் என்னும் ஆங்கிலேயப் படகு. 26 அடி நீளம். 1969இல் தொடங்கி 1980 வரை இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். அடியில் இரட்டை ஏராக்கட்டை (கீல்) உண்டு. ஆதலால் ஓதம் வற்றினால் சாயாமல் சேற்றிலேயே நிமிர்ந்து நிற்கும். கடல் இல்லாத நேரத்திலும் இதற்குள் தண்ணீர் வருமென்றால் அது மழைநீர் என்பதும், வந்த வழி சன்னல் என்பதும் பெற்றாம். பழி கட்டியவர்மேல் இல்லை. ஐம்பது ஆண்டு வெயில் தின்ற ரப்பரிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது அறமன்று.

இனி ஒழுக்கின் இலக்கணம். நீர் நுழையும் இடமும் தோன்றும் இடமும் ஒன்றல்ல. சொட்டும் இடத்தில் பூசு என்பர் ஒரு சாரார். அது பொருந்தாமை அடுத்த மழையில் காண்க. மேல்மூலைத் திருகாணித் துளையில் புகுந்த துளி, உள்விரிப்பின் பின்னால் யாருக்கும் தெரியாமல் நடந்து, எட்டத்திலுள்ள தலையணையில் வெளிப்படும். சுவர் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்ததாயின் வெளிப்படவே வெளிப்படாது; உள்ளேயே தங்கி மரத்தை அழுகவைக்கும். இவ்விரண்டில் தலையணைக்காரன் புண்ணியம் செய்தவன். நுழைவாயிலைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உத்தி உண்டு. அறைக் கதவையும் துவாரங்களையும் அடைத்து, சருகு ஊதும் ப்ளோயரால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே சன்னலோரம் சோப்புத் தண்ணீர் தடவினால், குமிழி எழும் இடமே குற்றவாளி.

கழற்றுதல் தனி இயலாக விரியத் தக்கது. சட்டம் அலுமினியம், திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இடையே உப்புநீர். மூன்றும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் பிறக்கும். அதில் அலுமினியம் தன்னைக் கரைத்துத் திருகாணியைக் காக்கிறது. கரைந்ததெல்லாம் வெள்ளைப் பொடியாகித் திருகாணியை அசையவிடாமல் இறுக்குகிறது. யாருக்கும் பயனில்லாத தியாகம் உலகில் உண்டா என்ற ஐயத்துக்கு இதுவே விடை. துரு எண்ணெய் விட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டி, பொறுமையாகத் திருகுவதே மருந்து. பொறுமை தீர்ந்தவர் கையில் திருகாணியின் தலை மட்டும் வரும். புதிதாகப் பூட்டும்போது இரு உலோகங்களும் தொடாதபடி இடையே பசை தடவுவது, பின்வரும் தலைமுறைக்குச் செய்யும் உபகாரம்.

புதுத் தகடு அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? சுத்தியலால் அடித்தாலும் உடையாது பாலிகார்பனேட்; ஆனால் துணி பட்டாலே கீறும், மேற்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளிக்கும். அக்ரிலிக் வெயிலைத் தாங்கும். அதன் எதிரி துப்புரவு. பளபளப்பாக்குகிறேன் என்று அசிட்டோனால் துடைத்தவர், அதன் உடல் முழுதும் மயிரிழை வெடிப்பு படரக் காண்பார்.

இந்த அக்ரிலிக் எளிய குலத்தில் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர்விமானங்களின் மூடி இதுதான். அது சிதறி விமானிகளின் கண்ணில் தைத்த சில்லுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹெரால்டு ரிட்லி என்ற லண்டன் மருத்துவர் கவனித்தார். 1949இல் அதே பொருளில் வில்லை செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992இல் இத்தகைய வில்லைகளை மலிவாகச் செய்யத் தொடங்கியதும் இந்த வழியில் வந்ததே. மனிதக் கண் மறுப்பின்றி ஏற்ற பொருளைப் படகுச் சுவர் மட்டும் ஏற்க மறுப்பதேன்?

விடை வெப்பத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் அக்ரிலிக் 10 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வளரும். ஃபைபர் இதில் பாதிகூட வளராது. 60 சென்டிமீட்டர் தகடு, பனிக்கால இரவுக்கும் வெயில் பகலுக்கும் இடையே 40 டிகிரி கண்டால், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். கண்ணுக்குள் எப்போதும் ஒரே சூடு. அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆகவே திறவாச் சன்னல் அசையாச் சன்னல் அன்று.

இதை எப்படிப் பிடித்து வைப்பது என்பதில் படகுலகமும் வைணவ உலகம்போல் இரண்டு கலையாகப் பிரிந்திருக்கிறது. போல்ட் கட்சியினர் வடகலையார்: குட்டிக் குரங்கு தாயைப் பற்றுவதுபோல் தகடு தன் விரல்களால் சுவரைப் பற்ற வேண்டும். பசைக் கட்சியினர் தென்கலையார்: பூனை குட்டியைக் கவ்வுவதுபோல் பசையே தகட்டைத் தாங்கும், தகடு சரணாகதி அடைந்தால் போதும். இரு சாராரும் மோட்சம் அடையக் காண்கிறோம். நரகம் அடைவோர் இரண்டிலும் இறுக்கிப் பிடிப்போரே. போல்ட்டின் துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பசையோ சில மில்லிமீட்டர் கனமாக நிற்கவேண்டும். முறுக்க முறுக்கப் பசை முழுதும் வெளியே பிதுங்கிவிட, நீட்சிக்கு ஈடுகொடுக்க உள்ளே எதுவும் மிஞ்சாது. பலசாலிகளின் படகுகள் அதிகம் ஒழுகுவது இதனாலேயே.

இறுகாத பியூட்டைல் நாடா வடகலைக்கு ஏற்றது. கட்டடக் கண்ணாடிக்கான சிலிக்கோன் தென்கலைக்கு. குளியலறைச் சிலிக்கோனைக் கொண்டு அவசரத்துக்கு ஓரம் பூசும் மூன்றாம் கட்சி ஒன்றுண்டு. அதன் கோட்பாட்டைச் சுரண்டி எடுப்பதே அடுத்து வருவோரின் வேலையாகிறது. சிலிக்கோன் படிந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது; பெயின்ட்டும் ஒட்டாது, சமயத்தில் புதுச் சிலிக்கோனே ஒட்டாது.

பசை உலர்ந்ததும் ஓரக் கசிவைக் கத்தியால் சீவி, தகட்டின் காப்புத்தாளை உரித்து, தோட்டக் குழாயால் நீர் பாய்ச்சிச் சோதிப்பது மரபு. நீரைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலேற்ற வேண்டும். முதலிலேயே உச்சியில் ஊற்றினால் எந்த மூலை குற்றவாளி என்று தெரியாது. இச்சன்னல் தேறிவிட்டதாகக் கொள்வோம். எஞ்சியவையும் இது முதலில் பூட்டப்பட்ட அதே ஆண்டில், அதே ரப்பரால் பூட்டப்பட்டவை. ஆதலால் இவ்வாய்வின் இரண்டாம் பாகம் அடுத்த மழைக்குப் பின் வெளிவரும்.