ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சரித்திரம்

சேலத்துக்காரரிடம் வழி கேட்டால் எண்ணிக்கையில்தான் பதில் வரும். நாலு ரோட்டுல இறங்குங்க, அஞ்சு ரோட்டுல திரும்புங்க, ரெண்டாவது அக்ரஹாரத்துல கேளுங்க. இந்த வாய்ப்பாட்டில் சேராமல் சொந்தப் பெயரோடு நிற்பது அஸ்தம்பட்டி ரவுண்டானா. ஏற்காடு போகிற வண்டிகள் இதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மலைக்குப் போகின்றன. உள்ளே இருக்கிற சுற்றுலாப் பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மலை இன்னும் வரலையா?" என்பார்கள். அஸ்தம்பட்டிக்கு இதுவரை கிடைத்த சுற்றுலா வளர்ச்சி இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் யார்க் என்றொரு பழைய நகரம் உண்டு. அங்கே இருட்டிய பிறகு பேய் நடை என்று சொல்லி டிக்கெட் போட்டுச் சந்து சந்தாகக் கூட்டிப் போகிறார்கள். செத்தவர்களை வைத்தே பிழைப்பு நடக்கிறது. நம் ஊரில் செத்துப்போன துரைமார்களுக்கு அந்த வேலைவாய்ப்பு கிடையாது. டிக்கெட் இல்லாமல் நான் கூட்டிப் போகிறேன், வாருங்கள்.

1792இல் திப்பு சுல்தான் தோற்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்துப் போட்டதில் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகம் செய்யச் சிவிலியன்கள் வருவார்கள் என்று பார்த்தால், பட்டாளத்துக்காரரான கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் கணக்கு நோட்டைக் கொடுத்தார்கள். அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ. மன்றோ தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டு, அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி என்று இன்றைக்கும் வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளைப் படுத்துகிற சங்கதி இந்தப் பக்கத்து வயல்களில் சங்கிலி பிடித்து அளந்ததில் முளைத்ததுதான். அவர்கள் கிளம்பிய பிறகு வந்தவர்கள் ஜில்லாவையே மிட்டா என்கிற ஜமீன் துண்டுகளாக நறுக்கி ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் பணம் கட்ட முடியாமல் ஓடினார்கள். கடைசியில் சேலம் மிட்டாவே பிஷர் என்கிற வெள்ளைக்காரர் கைக்குப் போனது. நாட்டை வாங்கியது போதாதென்று ஊரையும் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

கலெக்டரும் மற்ற துரைமார்களும் குடியிருக்கத் தேர்ந்தெடுத்த இடம் அஸ்தம்பட்டி. கோட்டையும் கடைவீதியும் திருமணிமுத்தாற்றுப் பக்கம். அங்கே கூட்டம், புழுதி, ஆடி மாதமானால் மாரியம்மன் கோயில் பறைச் சத்தம். அதெல்லாம் காதில் விழாத தூரத்தில் பங்களா கட்டினார்கள். அதுவும் போதவில்லை. 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இன்னும் மேலே ஏறி, ஏற்காட்டில் காப்பிச் செடியும் பேரிக்காயும் ஆப்பிளும் நட்டார். ஜனங்களை ஆள வந்தவர்களின் முதல் வேலை ஜனங்களிடமிருந்து தப்பிப்பதாக இருந்தது.

ஆனால் அரசாங்கத்துக்கென்று ஒரு நகைச்சுவை உணர்வு உண்டு. 1862இல் மத்திய சிறை வந்தது. எங்கே? அதே அஸ்தம்பட்டியில். பங்களாவுக்கும் ஜெயிலுக்கும் ஒரே காற்று, ஒரே கொசு. இந்த நடையில் சிறை வாசலில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம். 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, குடியரசு பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், இதற்குள்ளே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அதில் கிண்டலுக்கு இடமில்லை. நகர்வோம்.

சேலத்துப் பக்கத்து இரும்பு மலையான கஞ்சமலையைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் ஜோசையா மார்ஷல் ஹீத் முக்கியமானவர். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். சேலத்து இரும்பை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். காடு காடாக மரம் வெட்டிக் கரியாக்கினார்கள். மரம் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. மனிதர் இங்கிலாந்து போய், மாங்கனீஸ் சேர்த்தால் எஃகு நயமாக வரும் என்று கண்டுபிடித்து 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் லாபத்தில் மிதந்தார்கள். அவருடைய ஏஜென்ட் அன்வின் என்பவரே, ஹீத் முன்கூட்டியே கலந்து போட்டதைத் தனித்தனியாக உலைக்குள் போட்டுவிட்டு, இது வேறு முறை என்றார். வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. 1851இல் ஹீத் கஷ்டத்தோடு செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது, அதுவும் அவருக்கு எதிராக. சேலத்து மிட்டா ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இதைக் கேள்விப்பட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள்.

சேலத்துக் கோர்ட்டு வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் சி. விஜயராகவாச்சாரியார். 1882இல் ஊரில் கலவரம் நடந்தது. தூண்டிவிட்டவர் இவர்தான் என்று சொல்லிப் பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வேறொருவராக இருந்தால் மொட்டை போட்டுவிட்டு வீட்டோடு இருந்திருப்பார். இவர் ஒரு கணக்குப் பாக்கி வைத்திருந்தார். சேலம் நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தன்னை நீக்கியது செல்லாது என்று, இந்தியாவுக்கான அமைச்சர் மீதே வழக்குப் போட்டார். லண்டனில் உட்கார்ந்து கோடிக்கணக்கான ஜனங்களை மேய்க்கிற மனிதரிடமிருந்து, சேலத்து வார்டு கவுன்சிலர் வேலைக்காக நூறு ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். இதே மனிதர் 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைவரானார். என்னைக் கேட்டால், அந்த நூறு ரூபாய்தான் பெரிய பதவி.

1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவர் ராஜாஜி. அக்ரஹாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்ட ஒருவரைப் போட்டார். ஆச்சாரம் கெட்டுவிட்டது என்று ஆட்சேபம் கிளம்பியது. ராஜாஜி ஆளை மாற்றவில்லை. வெயில் காலத்தில் சேலத்தில் தண்ணீரா ஆச்சாரமா என்றால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். 1965இல் தர்மபுரி தனிக்குடித்தனம் போனபோது ஒகேனக்கல்லை எடுத்துக்கொண்டது. 1997இல் நாமக்கல் கிளம்பி முட்டையையும் லாரியையும் கொண்டுபோனது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து மாந்தோப்போடு ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியையும் வைத்துக்கொண்டது. மூத்தவரிடம் மிஞ்சியவை மேட்டூர் அணை, ஏற்காடு, தட்டுவடை செட். கடைசியதைக் குறைவாக எடை போட வேண்டாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அமுக்கி, சாயங்காலத் தள்ளுவண்டியில் கைக்கு வரும். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிடுகிறேன் என்று நாகரிகம் பார்த்தால் பாதி பீட்ரூட் வேட்டியில் இருக்கும்.

வாயைத் துடைத்துக்கொண்டு ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வாசல் வளைவு. லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து, கிளாடிஸ் என்கிற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிய டி.ஆர். சுந்தரம், தறி போடாமல் படம் போட்டார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இவருடைய தயாரிப்பாகத்தான் வந்தது. மலையாள சினிமாவின் தாய் வீடு சேலம் என்று கொச்சியில் போய்ச் சொல்லிப் பாருங்கள். தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப் படம். இன்று ஸ்டூடியோ இல்லை. வாசல் மட்டும் நிற்கிறது. ஜனங்கள் வண்டியை ஓரம் கட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். 2023இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே இறங்கி எடுத்துக்கொண்டார்.

சினிமா போனாலும் வேஷம் கட்டுகிற ஆசை ஊரை விட்டுப் போகவில்லை. ஆடித் திருவிழாவில் குகை என்கிற பேட்டைப் பக்கம் வண்டி வேடிக்கை நடக்கும். மாட்டு வண்டிகளில் ஜோடனை செய்து, சீரியல் லைட் போட்டு, சிவன், பார்வதி, கிருஷ்ணர் என்று வேஷம் கட்டி உட்கார்ந்து வருவார்கள். சிவனுக்குக் கழுத்தில் பாம்பு, மடியில் செல்போன். மேலே கரண்ட் ஒயர் குறுக்கிட்டால் கைலாயமே நின்றுவிடும்; மூங்கில் கம்போடு ஒருவர் வந்து தூக்கிப் பிடித்தால்தான் பரமசிவன் நகர முடியும். தெருவோரத்தில் அதற்குள் அந்த வேஷம் கட்டியவர் யார் வீட்டுப் பையன், இதே ஆள் போன வருஷம் என்ன வேஷம் கட்டினான் என்பதெல்லாம் அலசி முடித்திருப்பார்கள்.

எந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று துரைமார்கள் அஸ்தம்பட்டிக்கு ஓடினார்களோ, அந்த ஆடிக்கு இப்போது கலெக்டரே உள்ளூர் விடுமுறை விடுகிறார். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லி அதே உத்தரவில் அடுத்த வரியும் இருக்கும்.