நாலு நாட்டுக்கு ஒரு பானை

தைப்பொங்கலுக்கு முதல்நாள் சுன்னாகச் சந்தையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வீட்டில் இருப்பது அவரும் மனுசியும் மட்டும். ஆனால் பத்துப் பேருக்குப் பொங்கக்கூடிய பானையைத் தட்டித் தட்டி ஓசை பார்த்துக்கொண்டு நிற்பார். கரும்பு தோகையோடு முழுசாக வேண்டும். துண்டு போட்டது கமராவில் எடுபடாது. மூத்தவன் ரொறன்ரோ, அடுத்தவன் லண்டன், மகள் சூரிச், கடைக்குட்டி சிட்னி. 'வட்ஸ்அப் பொங்கல்காரர்' என்று ஊர் நக்கலடிக்கும். நக்கலுக்குத் தகுந்த ஆள்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்து முற்றப் பொங்கலை முறை தவறாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் இவரே என்பதுதான் என் கட்சி.

பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் வீட்டைப் பாருங்கள். பொங்கல் வரவர காஸ் அடுப்பில் ஏறிவிடுகிறது. 'முற்றம் ஈரமாய்க் கிடக்கு' என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. முற்றம் மெழுகி, உலக்கை வைத்து மாவால் நேர்கோடு போட்டு, மூன்று கல் வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சளும் இஞ்சியும் மாவிலையும் கட்டியாக வேண்டும். விறகு எடுத்துவரச் சொன்னால் அந்தக் காலத்தில் ஒளித்துத் திரிந்த மகன்தான் இன்றைக்குப் பனிக்குள் இருந்துகொண்டு, "உலக்கை எங்க அப்பா?" என்று விசாரணை வைக்கிறான். இங்கே ஆறரை மணியளவில் சூரியன் எழும்பும்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டு மணி; லண்டனில் நடுச்சாமம் தாண்டி ஒன்று, சூரிச்சில் இரண்டு, சிட்னியில் மத்தியானம். லண்டன்காரன் போர்வைக்குள் இருந்தபடியே கும்பிடுவான். "இஞ்சாருமப்பா, போனைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியும், பானை தெரியேல்லையாம்" என்று இவர் சொல்ல, புகையில் கண்ணைக் கசக்கியபடி மனுசி சரிக்க, நாலு நாட்டுக்கும் இவருடைய நெற்றித் திருநீறு மட்டும் தெரியும். சரியாகப் பால் பொங்குகிற நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும். அதற்கென்றே ஒரு செம்புப் பால் ஒதுக்கி வைத்திருப்பார். அதை ஊற்றி இன்னொரு தரம் பொங்க வைப்பார்.

'இது பக்தியா, படப்பிடிப்பா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. முற்றத்துப் பொங்கல் எந்தக் காலத்தில் ஆள் பாராமல் நடந்தது? அடுப்பை வெளியே மூட்டுவது சூரியனுக்காக, சரி. பானை பொங்கினவுடன் சீனவெடி கொளுத்துவது யாருக்காக? அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான். பார்க்கிறவர்கள் முன்பு வேலிக்கு அப்பால் நின்றார்கள், இப்போது கடலுக்கு அப்பால் நிற்கிறார்கள். இரண்டாம் தரம் பொங்க வைப்பது கொஞ்சம் கள்ளவேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரமே இல்லாத 1990களில், பொங்கினோம் என்ற செய்தி கடிதத்தில் போய்ச் சேர வாரக்கணக்கானது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியபிறகு சீனிக்கே கியூவில் நின்ற ஊர் இது. 2020 சித்திரை வருடப்பிறப்பு ஊரடங்குக்குள் வந்தபோது, உறவுகளைத் திரையில் வைத்துப் பண்டிகை கொண்டாட உலகம் தடுமாறிப் பழகியது. சுன்னாகத்து அப்பாமாருக்கு அது பழைய பாடம். அந்தப் பாடம் படித்தவர் ஒரு செம்புப் பாலால் ஏமாற்றினால் ஏமாறிவிட்டுப் போவோமே.

இன்னொரு ஆட்சேபம் பாரமானது: 'பார்த்து என்ன பிரயோசனம், புக்கை அவர்கள் வாய்க்குப் போகுமா?' போகாது. வட்ஸ்அப்பால் ஆகாத காரியம் அது. ஆனால் அந்தப் புக்கை எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு கையாலும் அரிசி அள்ளிப் பானையை மூன்று தரம் சுற்றி இடுவது வீட்டுத் தலைவர் வழக்கம். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக இடுவார்கள். வராதவர்களுக்காகவும் இவரே இடுகிறார். மூத்தவனுக்கு ஒரு கை, மருமகளுக்கு ஒரு கை, பெயர் வாயில் நுழையாத பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கை. கடைசியில் பானை முட்டப் புக்கை. சாப்பிட இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். ஆகவே வாழையிலைத் துண்டுகளில் அது வேலி தாண்டுகிறது. ஓட்டோக்காரத் தம்பிக்கு, ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு, காஸ் அடுப்பில் பொங்கிய அந்த வீட்டுக்கும்கூட. பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்திருந்தால் ஒழுங்கைக்கு இவ்வளவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

எனவே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 'நாங்கள் இங்க கோயிலிலேயே பொங்கிட்டம்' என்று சொல்லி அந்த அழைப்பைத் தட்டாதீர்கள். உலக்கை எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். அடுத்த தைக்கு முதல், போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டும் அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்குக் கை நோகிறது.