எட்டுப் போடுதல் இயல்: பழைய பெரிய வண்டியும் புதிய ஓட்டுநரும் பற்றிய ஒரு சிற்றாராய்ச்சி

மோட்டார் சைக்கிளைப் பற்றி அறிஞர் உலகம் எழுதிக் குவித்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை ஓடுகிற வண்டியையே ஆராய்ந்தன. இரண்டே சக்கரத்தில் ஒரு வாகனம் எப்படி விழாமல் ஓடுகிறது என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நடந்தது. சக்கரம் சுழல்வதால் வரும் உறுதிதான் காரணம் என்றனர் ஒரு சாரார். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஹேண்டில்பாரின் அச்சுக்குச் சற்றுப் பின்தங்கி இருப்பதே காரணம் என்றனர் மறு சாரார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் இவ்விரண்டு காரணங்களையும் நீக்கி ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடியது. ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. இரு சாராரும் வாயடைத்தனர். ஓடி முடிந்த அந்தச் சைக்கிளை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதே நம் கேள்வி. ஓடுகிற வண்டி தானே நிற்கும். நிற்கிற வண்டிதான் விழும். இந்த எளிய உண்மையைப் புதிதாகப் பெரிய வண்டி வாங்கிய எவரும் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கிறார். அதை எழுதிவைப்பதற்குத்தான் அவர் கை அப்போது ஓய்வாக இருப்பதில்லை.

ஆய்வெல்லையை வரையறுத்துக்கொள்வோம். ‘புதியவர்’ என்பவர், கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர், எப்போது விட வேண்டும் என்று தெரியாதவர். ‘பழைய வண்டி’ என்பது வேறொருவர் ஆசையோடு வாங்கி, வேறு ஆசை வந்ததால் விற்றது. ‘பெரிய வண்டி’ என்பதில்தான் அறிஞர்கள் முட்டிக்கொள்வார்கள். குதிரைத்திறனை வைத்துச் சொல்வோமென்றால் பழைய புல்லட் 350க்கு ஏறத்தாழ 18தான். அதைவிட எடையில் மிகக் குறைந்த ஆர்எக்ஸ் 100க்கு 98 சிசியில் 11. ஆனால் தெருவில் யாரும் புல்லட்டைச் சின்ன வண்டி என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. 2013இல் வந்த டியூக் 390க்கு 373 சிசியில் 43 குதிரை. 2018இல் வந்த இன்டர்செப்டர் 650க்கு 47 குதிரை, எடை ஏறத்தாழ 200 கிலோ. ஆகவே இக்கட்டுரையில் ‘பெரியது’ என்பதற்கு நாம் கொள்ளும் அளவுகோல் வேறு: சாய ஆரம்பித்துவிட்டால் ஒற்றைக் காலால் தாங்க முடியாதது எதுவோ அது பெரிய வண்டி.

இனி மூலபாட ஆய்வு. பழைய வண்டி என்பது பல கைகள் பட்ட சுவடி. அதற்கு ஆர்.சி. புக் என்றொரு பாயிரமும், விற்பவர் வாய்மொழியாகத் தரும் உரையும் உண்டு. இவ்விரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் அரிது. “டாக்டர் ஓட்டுன வண்டி தம்பி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போச்சு” என்ற உரை தமிழகம் முழுவதும் ஒரே பாடமாக, எழுத்துப் பிசகாமல் வழங்குவது வியப்புக்குரியது. இதை அப்படியே நம்பினால், நம் மருத்துவர்கள் நோயாளியைப் பார்க்க நேரமின்றி வண்டி வாங்கி விற்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர் எழுத நேரும். ஆர்எக்ஸ் 100 விஷயத்தில் உரை மாறும்: “ஜப்பான் இன்ஜின் தம்பி.” 1985இல் தொடங்கி 1996இல் நின்ற அந்த வண்டியின் ஆரம்பக் கூட்டம் மட்டும் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களால் பூட்டப்பட்டது உண்மை. அக்கூட்டம் ஆண்டுதோறும் எண்ணிக்கையில் பெருகிக்கொண்டே வருவதற்கு உயிரியல் விளக்கம்தான் தேட வேண்டும்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. கேபிள் கழன்று மீட்டர் ஓடாமல் கிடந்த காலம் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் உண்டு. அதை அவ்வண்டியின் களப்பிரர் காலம் எனலாம். டேங்கிலும் மட்கார்டிலும் உள்ள ஸ்டிக்கர்களே நம்பகமான கல்வெட்டுகள். மேலே ஒரு நடிகர், நகத்தால் சுரண்டினால் அடியில் அவருக்குப் போட்டி நடிகர், அதற்கும் அடியில் பாதி கிழிந்த ‘பிரஸ்’ என்று கீழடிக் குழிபோல் அடுக்கடுக்காகக் காலம் தெரியும். டயருக்கு எழுத்துச் சான்றே உண்டு. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் பிறந்த டயர். “போன மாசம்தான் புது டயர் போட்டேன்” என்பவர் முன்னால் குனிந்து இதைப் படிப்பது, ஆராய்ச்சியாளன் வாழ்வில் அடையக்கூடிய தூய இன்பங்களில் ஒன்று.

காயங்களையும் படிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த வண்டியில் கீறல் ஒரே திசையில் கோடு கோடாக நீண்டிருக்கும். நின்றபடி விழுந்த வண்டியில் லெக்கார்டின் ஓரத்திலோ சைலன்சரின் வளைவிலோ ஒரே இடத்தில் நசுங்கியிருக்கும். கிளட்ச் லீவரின் நுனி மட்டும் வணக்கம் சொல்வதுபோல் வளைந்திருக்கும். சந்தைக்கு வரும் பெரிய வண்டிகளில் இரண்டாம் வகைக் காயத்துக்குப் பஞ்சமே இல்லை. நம் கொள்கைக்கு இதைவிட வலுவான தொல்லியல் சான்று கிடையாது.

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் இன்ஜின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும் என்பது மெக்கானிக் மரபு. சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ அதைப் பாடுபட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜினை எதிரில் கிளப்பச் சொல்ல வேண்டும். முன் ஃபோர்க் குழாயில் ஆயில் கசிகிறதா, செயின் தளர்ந்து தொங்குகிறதா, கடன் இருந்திருந்தால் அடைத்து ஆர்.சி.யில் ரத்து செய்தாயிற்றா என்பதெல்லாம் ஊரறிந்தவை, கடந்து செல்வோம். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லத் தக்கது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் முழுமையாகக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். புதியவர் பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறவர். அவருக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிட அந்தச் சின்னக் கருவி மேல்.

புல்லட்டுக்குத் தனி அதிகாரம் வேண்டும். 1955 முதல் திருவொற்றியூரில் உருவாகிவந்த வண்டி என்பதால் சென்னைக்காரர் அதைக் குலதெய்வ வரிசையில் வைத்திருக்கிறார்கள். வழிபாட்டு முறையும் அதற்கேற்பக் கடினம். பழைய புல்லட்டைக் கிளப்பக் காலால் உதைத்தால் போதாது. கிக்கரை மெல்ல அழுத்தி, இறுகி நிற்குமிடத்தைக் கண்டு, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸ்ஸர் லீவரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகே முழு உதை. வரிசை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அடி வாங்கியவர் நொண்டுவதைப் பார்த்தே அவரிடம் எந்த வருடத்து மாடல் இருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டென்பது செவிவழிச் செய்தி.

அந்த வண்டிக்கு வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிப்பார். இங்கேதான் ஒன்றுமே தெரியாதவருக்கு முதலும் கடைசியுமான நன்மை: மறக்க வேண்டியது எதுவும் அவரிடம் இல்லை. புல்லட்டிலேயே பழகியபின் நண்பனின் வண்டியை ஒரு சுற்று கேட்கும் நாளில்தான் அந்த நன்மை முடிவுக்கு வரும்.

இனி மையக் கருத்து. புதியவரைப் பற்றி ஊரார் கவலைப்படுவதெல்லாம் வேகத்தைக் குறித்து. “மெதுவா போப்பா” என்று வாசலில் நின்று சொல்லும் தாய் அறியாதது, மெதுவாகப் போவதுதான் கடினம் என்பது. நேர்ச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஓட்டுநர் பெரும்பாலும் பயணி. (வலப்பக்கம் திரும்ப ஹேண்டில்பாரின் வலப்பக்கத்தை முன்னால் தள்ள வேண்டும் என்ற புதிரைச் சைக்கிளில் கவனித்து எழுதியவர்களுள் விமானம் கண்ட வில்பர் ரைட்டும் ஒருவர். இதை அறியாமலே எல்லோரும் செய்துகொண்டிருக்கிறோம்.) நடைவேகத்துக்கு இறங்கியதும் அந்த உதவி முழுவதும் கைவிட்டுப் போகிறது. டியூக்கின் நாற்பத்து மூன்று குதிரைகளில் ஒன்றுகூட அப்போது தாங்கிப் பிடிக்க வராது. குறுகலான தெருவில் யூ டர்ன் போடுகிறார் நம்மவர். ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பியிருக்கிறது. எதிரே ஒரு நாய். கை தானாக முன் பிரேக்கைப் பிடிக்கிறது. திரும்பிய நிலையில் முன்சக்கரம் நின்றால், வண்டி திரும்பிய பக்கமே படுக்கும். இதற்கு மேல்முறையீடு கிடையாது. பிரேக்கே பிடிக்காவிட்டாலும், கிளட்ச்சைச் சட்டென்று விட்டு நடுவில் இன்ஜின் அணைந்தால் அதே கதி.

பரிகாரம் மூன்று அங்கம் கொண்டது. ஹாஃப் கிளட்ச்சில் இன்ஜினை இழுத்துப் பிடிப்பது. பின் பிரேக்கை லேசாக அழுத்தி வைத்திருப்பது. போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது. மூன்றாவதுதான் வேதனை. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். புதியவரின் கண்ணோ சாக்கடையைவிட்டு நகராது.

வியப்பு என்னவென்றால், நம் அரசு இந்தத் தத்துவத்தை என்றோ கண்டுவிட்டது. ஆர்டிஓ மைதானத்தில் யாரும் வேகமாக ஓட்டச் சொல்வதில்லை. எட்டுப் போடச் சொல்கிறார்கள். இடம் சாய்ந்து, நடுவில் நிமிர்ந்து, வலம் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றாமல், நடைவேகத்தில். பூஜ்ய வேகக் கலையின் மொத்தமும் அதில் அடக்கம். இப்படியொரு ஞானத்தை நிறுவனமாக்கிய நாட்டில், அதைச் சுற்றிப்போகும் வழியும் உடனே கண்டுபிடிக்கப்பட்டது: எட்டுப் போட அத்தை மகனின் நூறு சிசி வண்டியை இரவல் வாங்கிச் செல்வது. எல்எல்ஆர் எடுத்து 30 நாள் கழித்து அந்த லேசான வண்டியில் அழகாக எட்டுப் போட்டவருக்கு, கியர் உள்ள எந்த மோட்டார் சைக்கிளையும் ஓட்ட உரிமம் வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் பதினெட்டு வயதுக்காரருக்கு 35 கிலோவாட் வரைதான், அதாவது 47 குதிரை. நம் இன்டர்செப்டர் அந்த வரம்பின் விளிம்பில் வந்து நிற்கிறது. ஜப்பானில் 400 சிசியைத் தாண்டத் தனி உரிமம். நாமோ மனிதனை நம்புகிற நாடு. நம் பரிந்துரை ஒன்றே: உரிமம் வாங்கிய மாலையே, வாங்கிய பெரிய வண்டியை ஊர்க்கோடி மைதானத்துக்குக் கொண்டுபோய், செங்கல் வைத்து, மறுபடி எட்டுப் போடுக.

ஆசான் குறித்தும் சிறிது. பழகுநர் உரிமத்தில் ஓட்டுகிறவர் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பது விதி. இவ்விதியால் நம் நாட்டில் நண்பர்கள் அனைவரும் ஆசான்களாகிவிட்டனர். “மச்சான், கிளட்ச்சை விடு… விடாத… விடுன்னேன்ல!” என்பதே பாடத்திட்டம். அவர் எடை அறுபது கிலோ. அதுவும் உயரத்தில், பின்னால், வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் சாய்வதற்குத் தயாராக. முதல் மாதம் எவரையும் ஏற்றாதிருப்பது கல்விக்கும் நட்புக்கும் நல்லது.

நிறுத்துமிடம் ஆய்வாளர் கண்ணில் படாத பெருங்களம். இந்த வண்டிகளுக்கு ரிவர்ஸ் கியர் இல்லை என்பது புத்தகத்தில் படிக்கும்போது சிறிய செய்தி. கல்யாண மண்டபத்துச் சரிவில், சுவரைப் பார்த்து மூக்கை நுழைத்து நிறுத்தியபின் அது பெரிய செய்தி. சாப்பிட்டு வந்து, இருநூறு கிலோவை மேட்டில் பின்னோக்கி உட்கார்ந்தபடி தள்ளுகிறவரின் நுனிக்கால் செருப்பு மணலில் சறுக்கும். அக்கம்பக்கத்தில் ஐம்பது வண்டிகள் சைடு ஸ்டாண்டில் தோளோடு தோளாக நிற்கும். ஒன்றில் பட்டால் வரிசை முழுவதும் விசாரிக்கப்படும். மேடு உங்களுக்கு முன்னால் இருக்கும்படி, பின்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்தி, முதல் கியரில் போட்டுச் செல்வதே நன்னூல் வழி. சரளைக்கல், ஜல்லி, மணல் இவற்றில் கால் ஊன்றுமுன் தரையைப் பார்த்தல் அடுத்தது.

இத்தனைக்கும் பிறகு விழும். விழும்போது காலைக் கொடுத்துத் தாங்க முயலாதீர்கள். லெக்கார்டு அதற்குத்தான் இருக்கிறது. முதலில் கில் சுவிட்ச்சை அணைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் இடப்பக்கச் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி, கியரிலும் போட்டுவிட வேண்டும். இல்லையேல் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைப் பொருத்திக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, காலின் வலுவால் பின்னோக்கி அடிமேல் அடி வைத்தால் எழும். முன்னால் குனிந்து கையால் தூக்குகிறவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

இம்முறையைச் செயல்படுத்த ஓட்டுநருக்கு ஒரு நிமிடத் தனிமை தேவை. அது கிடைத்ததாக எங்கும் பதிவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் டம்ளரோடு வருவார். நசுங்கிய சைலன்சரையும், மூடியோரம் சொட்டும் பெட்ரோலையும், முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பவரையும் நிதானமாகப் பார்ப்பார். 1983இல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத் 350, அவ்வளவு பாய்ச்சல் இருந்தும் இந்நாட்டில் விலைபோகாததற்குச் சொல்லப்படும் முதற்காரணத்தையே அவரும் கேட்பார்.

“தம்பி, இது என்ன மைலேஜ் குடுக்குது?”

“இருபத்தஞ்சு வரும்ங்க.”

“நம்ம எக்ஸ்எல்லு அறுவது குடுக்குது” என்றபடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பின்கம்பியைப் பிடிக்கக் குனிவார்.