மேலே போங்க சாம்பியன்!

யூஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் கூண்டுக்குள் ஒருவர் தொடர்ந்து ஜெயித்தால் போதும், "அடுத்த எடைக்குப் போ" என்று சோபாவிலிருந்து உத்தரவு கிளம்பிவிடும். உத்தரவிடுபவர்களில் பலர் அந்த எடையை எப்போதோ தாண்டியவர்கள்.

இஸ்ரேல் அடெசான்யா 84 கிலோ சாம்பியனாக இருந்தார். அதுவரை 20 சண்டைகளில் தோல்வியே கிடையாது. 2021 மார்ச்சில் 93 கிலோ பட்டத்துக்கு ஆசைப்பட்டு, கையில் பீட்சா பெட்டியோடு எடை மேடை ஏறினார். அப்படியும் வரம்புக்கு இரண்டு கிலோ குறைவு! மறுநாள் கடைசிச் சுற்றுகளில் 93 கிலோ சாம்பியன் யான் பிளாஹோவிச் அவரைத் தரையில் கிடத்தி, சாவகாசமாக மேலே படுத்துக்கொண்டார். பீட்சா உதவிக்கு வரவில்லை.

2016-இல் இதேபோல் மேல் எடைக்குப் போன கானர் மெக்ரிகருக்கு வெற்றிதான். தோளுக்கு ஒன்றாக இரண்டு பெல்ட். போட்டோவுக்கு அழகு. இரண்டில் எதையும் ஒருமுறைகூடக் களத்தில் தற்காக்கவில்லை என்பது வேறு விஷயம். பட்டச் சண்டைக்காக வரிசையில் நின்றவர்கள் பாவம், ரேஷன் கடையில் "நாளைக்கு வாங்க" கேட்டவர்கள் மாதிரி.

கபீப் நூர்மகமதோவ் சாம்பியனான பின் 70 கிலோவை விட்டு நகரவே இல்லை. 2020-இல் 29 வெற்றி, பூஜ்யம் தோல்வியோடு ஓய்வு பெற்றார். சோபாக்காரர்களுக்கு அதிலும் குறைதான்: "ஒருதடவை மேலே போய்த் தோற்றிருக்கலாமே!"