வெள்ளாற்று வீரர்களுக்கு

புதுவெள்ளம் வந்ததும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் ஏறி நிற்கிற தம்பிகளே, உங்களைப் பாராட்டத்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உங்கள் நம்பிக்கை பெரியது. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறுவதற்குச் சேத்தியாத்தோப்பில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையில் பெய்தது மணிமுத்தாறாக ஓடிவந்து கூடலையாத்தூரில் கலக்கிறது. வீராணம் ஏரி 47.5 அடியை நெருங்கினால் அதன் உபரிநீரும் வெள்ளாற்றுக்குத் திருப்பப்படுகிறது. இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். ஷட்டரைத் தூக்குகிற ஊழியர்கூட மேலேயிருந்து தகவல் வந்த பிறகுதான் கை வைக்கிறார். உங்களுக்கு எந்தத் தகவலும் வேண்டியிருப்பதில்லை.

கலங்கிய வெள்ளத்தில் ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியாது. கோடையில் அங்கே கிடந்த பாறாங்கல் இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. தண்ணீர் அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் தலைகீழாகப் பாய்கிறீர்கள். கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் அறுந்தால் கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாது. இருபது வயதுப் பிள்ளைக்கு அம்மா மறுபடியும் சோறு ஊட்ட வேண்டும். அவள் ஊட்டுவாள், சலிக்காமல் ஊட்டுவாள். அதை இப்போதே நம்பி அவள் கையில் உங்கள் உடம்பை ஒப்படைத்துவிட்டுக் குதிக்கிறீர்களே, அம்மாவை இந்த அளவுக்கு நம்பும் பிள்ளைகள் வேறு எங்கே உண்டு?

உங்கள் தோள்வலிமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. அணைக்கு மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் மோதி மேலே எழுந்து, மறுபடி அணைச்சுவர்ப் பக்கமே திரும்பும். உள்ளே அகப்பட்டவரைச் சுழற்றிச் சுழற்றிச் சுவரடியிலேயே அமுக்கும். அந்த நுரையில் பாதி காற்று. கையை வீசினால் பிடி கிடைக்காது. அங்கே தோற்பவர்களில் நல்ல நீச்சல்காரர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட உங்கள் நட்பு. 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றில் ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். சிறுமிகள், இளம்பெண்கள். சாகசத்துக்குப் போனவர்கள் அல்லர், குளிக்கப் போனவர்கள். சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் கரையேறவில்லை. நீங்களும் அப்படிப்பட்ட மனம் உள்ளவர்கள்தான். ஒருவன் மூழ்கினால் நீச்சல் தெரியாதவனும் குதிப்பான். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பான், அது நண்பனின் கழுத்தாக இருந்தாலும். கரையில் நின்று ஒரு வேட்டியை நீட்டினால், ஒரு காலிக் குடத்தைத் தள்ளிவிட்டால் இரண்டு பேரும் வீடு திரும்ப வழியுண்டு. வேட்டி நீட்டுவதில் வீரம் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

நாங்கள்தான் சொன்னோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தக் காலத்துல இங்க குதிச்சா அக்கரையிலதான்டா ஏறுவோம்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாரும் கரையேறியவர்கள். ஏறாதவன் கதையை அவன் வீட்டாரிடம் போய்க் கேட்க எங்களுக்கு மனம் வந்ததில்லை. அதனால் உங்களுக்கு ஒரு பக்கத்துக் கதைதான் கிடைத்தது.

ஆகவே பாராட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி, கைதட்டி, "இன்னும் மேல ஏறிக் குதி தம்பி" என்று செல்போனை நீட்டுகிறோம். தான் கால் வைக்காத வெள்ளத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளை இறங்குவதைப் பார்த்து மகிழ எவ்வளவு பரந்த மனம் வேண்டும்! ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இரண்டு கரையிலும் சொல்லிப் போகிறது. அது உங்கள் காதில் விழுந்தது போலவே எங்கள் காதிலும் விழுகிறது. ஐப்பசி மழையில் ஆறு மறுபடி நிரம்பும்போது உங்கள் துணிவைப் பாராட்ட நாங்கள் தவறாமல் பாலத்துக்கு வருவோம். ஒரு முழக் கயிறுகூட எடுத்துவர மாட்டோம்.